உன்னைப் பற்றி நான் எழுதிய நோட்டு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப்புறம் டாக்டர். அவருக்குப் பின்னால் பீரோவில் சாய்ந்து நின்ற கம்பவுண்டர். இந்தப்புறம் இரண்டு நாற்காலிகளில் உன் அப்பாவும் நானும். சுவரோரம் கிடந்த ஸ்டூலில் நீ. வேறு யாரும் இல்லை. சுவரில் ஒரு சாமி படம் மாட்டியிருந்தது; அதையும் கணக்கில் சேர்ப்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. 1979, வைகாசி மாதம், சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில். உனக்குப் பத்தொன்பது வயது. அந்த ஐந்து பேரில் டாக்டர் காலமாகிவிட்டார். கம்பவுண்டர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது. மிச்சம் நீயும் நானும்தான். நீ இருக்கிறாயா என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

கண்ணு, பதினாறு வருடமாக உன் விலாசம் என்னிடம் இல்லை. நீ போன அடுத்த சித்திரையில் பம்பாய் முத்திரையோடு ஒரு கார்டு வந்தது. 'நலம்' என்று ஒரு சொல், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பம்பாயில் கலவரம் என்று ரேடியோவில் சொன்னபோது, இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்களோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எய்ட்ஸ் என்ற அந்தப் புது வியாதியைப் பற்றி பஸ் நிலையத்தில் போஸ்டர் ஒட்டியபோது அதை நின்று முழுக்கப் படித்தேன். படிக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பியும் பார்த்தேன். அந்தப் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. கடைசியில், நான் மாதாமாதம் வாங்கும் இந்தப் பத்திரிகைக்கே எழுதிவிடலாம் என்று துணிந்தேன். எந்த ஊரில் இருந்தாலும் தமிழ்ப் பத்திரிகை ஒன்று உன் கையில் படாமலா போகும். இதில் யார் பெயரும் இருக்காது. பெயர்களை எழுதி நான் செய்தது போதும்.

ஆரம்பித்தது நான்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டை துவைக்கும் முன் பையைத் தடவிப் பார்ப்பது என் பழக்கம். உன் நீலக்கோடு சட்டையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. உன் சிநேகிதன் எழுதியது. நான் ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். மற்றதெல்லாம் உன் பாடப் புத்தகங்களையும், சாமான் கட்டி வரும் செய்தித்தாளையும் படித்துக் கற்றுக்கொண்டது. இருந்தும் அந்தக் கடிதத்தில் எனக்குப் புரியாத ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு பெண்ணுக்கு எழுதுவது போல் அவன் உனக்கு எழுதியிருந்தான். அதை மறுபடி மடித்து உன் பெட்டியிலேயே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சோற்றுத் தட்டை வைப்பதற்கு முன்னால் அப்பாவின் முன் அதை வைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அந்த அறையில் டாக்டர் உன்னை ஏழெட்டுக் கேள்விகள் கேட்டார். நீ தரையைப் பார்த்தபடி பதில் சொன்னாய். பொய் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர் தடியான ஒரு புத்தகத்தைப் புரட்டி, சீட்டில் 302.0 என்று எழுதினார். அப்பா தலையை நீட்டிப் பார்த்தார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராயிற்றே, நம்பர் என்றால் அவர் கண் அங்கே போய்விடும்.

"ஏனுங்க டாக்டரு, முந்நூத்திரெண்டுன்னா கொலைக் கேசுக்குப் போடற நம்பரில்லீங்களா? என்ற பையன் யாரையும் கொல்லலீங்களே."

டாக்டர் சிரித்துவிட்டார். "அது போலீசு புஸ்தகமுங்க. இது எங்க புஸ்தகம். உலகத்துல இருக்கற நோய்க்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருக்காங்க. காசநோய்க்கு ஒண்ணு, காக்கா வலிப்புக்கு ஒண்ணு. ஆம்பளைக்கு ஆம்பளை மேல ஆசை வர்றதுக்கு இது."

நீயும் லேசாகச் சிரித்தாய், அப்பா கேட்ட கேள்விக்கு. அந்த அறையில் நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான். எனக்கோ பாரம் இறங்கி ஆறுதலாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பாவம் என்று நினைத்துத்தான் மலையிறங்கி வந்தேன். பாவமில்லை, நோய் என்கிறார். நம்பர் போட்டிருக்கிறது என்றால் யாரோ படித்தவர்கள் எண்ணிப் பார்த்து வரிசையில் வைத்திருக்கிறார்கள்; வரிசையில் இருந்தால் அதற்கு மருந்தும் இருக்கும் என்று நினைத்தேன். கட்டம் போட்டு எழுதியது எதுவும் பொய்யாக இருக்காது என்று நம்பியே வளர்ந்தவள் நான்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். "பையன் யாருகூடப் பேசறான், எவ்வளவு நேரம், எப்படிச் சிரிக்கறான், எல்லாம் எழுதிட்டு வாங்கம்மா. அவனுக்குத் தெரிய வேண்டாம்." அப்பா செக்ரோல் நோட்டு ஒன்று கொண்டுவந்தார். தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று தினமும் குறிக்கும் நீள நோட்டு, உனக்குத் தெரியும். அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, வந்தவர், நேரம், பேச்சு, குறிப்பு. வைகாசியிலிருந்து மார்கழி வரை ஏழு மாதம் ஒரு நாள் விடவில்லை. அம்மை போட்டு நான் படுத்திருந்த வாரத்தில்கூட, உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை கேட்டு, நீ எழுந்து போன பிறகு எழுதினேன்.

ஒரு நாள் நான் எழுதுவதை நீ பார்த்துவிட்டாய். "என்னங்கம்மா அது, வெள்ளைக் கோழி இன்னிக்கு முட்டை போட்டுதா இல்லியான்னா?" என்று கேட்டாய்.

"ஆமா சாமி."

"கொக்கரிச்சதையும் எழுதிப்போடுங்க. பின்னால தகராறு வரும்."

நான் சிரித்தேன். நீ அந்தப்புறம் போனதும், 'மாலை: கேலியாகப் பேசினான், உற்சாகம்' என்று குறிப்பில் எழுதினேன்.

சேலம் போகும்போதெல்லாம் நோட்டை டாக்டரிடம் கொடுத்து, கிளம்பும்போது திரும்ப வாங்குவேன். புரட்டிப் பார்த்துவிட்டு ஒருமுறை சொன்னார்: "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் கொண்டாந்ததில்லீங்கம்மா. படிச்சிருந்தா நீங்களே டாக்டராயிருப்பீங்க." பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பேச்சை நாலு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டேன். என் வாழ்நாளில் வெளி மனிதர் ஒருவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை, கண்ணு. எதற்காகப் புகழ்ந்தார் என்று பார்.

ஆடியிலிருந்து உன்னை வாராவாரம் உள்ளே அழைத்துப் போனார்கள். "சின்னக் கரண்டுதானுங்க, எறும்பு கடிச்சாப்ல" என்றார் கம்பவுண்டர். சம்மதம் என்ற காகிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். நான் வெளியே பெஞ்சில் புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவுக்கு அந்தப்புறம் டாக்டரின் குரல் கேட்கும், பாடம் படிப்பது போல. வார்த்தை புரியாது. நடுநடுவே நின்று மறுபடி தொடங்கும். நீ வெளியே வந்தால் தூக்கைத் திறக்க மாட்டாய். அடிவாரம் தாண்டி முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பாய். பிறந்ததிலிருந்து அந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவன் நீ. நான் எலுமிச்சம்பழத்தை உன் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, 'வாந்தி, இரண்டு தடவை, பஸ்' என்று எழுதினேன்.

ஐப்பசியில் அப்பா அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டார். உன் சிநேகிதனின் தகப்பனாரிடம் காட்ட வேண்டும் என்றார். "என்ற ஊட்டுல தீப்பிடிச்சா பக்கத்து ஊட்டுக்காரங்கிட்டச் சொல்லோணுமில்ல புள்ள. அவருக்கும் ஒரே பையன்." நோட்டைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், அவன் பெயருக்கு நேராகத் தேதி தேதியாக. கார்த்திகை முடிவதற்குள் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை நம் வீட்டுக்கும் வந்திருந்தது. நீ அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இருக்குதுங்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். நான் அதையும் எழுதினேன்.

நீ போன அன்றைக்கு மார்கழி பதினொன்று. விடிந்து கோலம் போட்டுவிட்டு வந்தேன். உன் பை இல்லை. மலையின் மறுபக்கம் குப்பனூர் வழியாக இறங்கும் முதல் பஸ்ஸில் உன்னைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார். நோட்டு என் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்து எடுக்கப்பட்டு, பூஜை மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அன்றைய வரியை நீயே நிரப்பியிருந்தாய். வந்தவர்: யாருமில்லை. நேரம்: கோடு. பேச்சு: கோடு. குறிப்பு: 'கரண்டு வைக்கும்போது நீங்கள் எழுதியதைத்தான் வாசிப்பார்கள் அம்மா.'

அப்போதுதான் கதவுக்கு அந்தப்புறம் கேட்ட குரல் எனக்குப் புரிந்தது. அன்று முழுக்க நோட்டைப் புரட்டினேன். எதை வாசித்திருப்பார்கள் என்று தேடினேன். 'ஐப்பசி 9. அவன் வந்தான். ஒரு மணி நேரம். பின்படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தான். சுளையை இவனிடம் கொடுத்தான். இவன் விதையைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.' அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி இருந்தது. டாக்டர் போட்டது. அந்த மாதிரிக் குறி நாற்பத்து மூன்று. உன்னை எது சந்தோஷப்படுத்தும் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நான் அதைத் தேடித் தேடிச் சுத்தமான கையெழுத்தில் எழுதி, உனக்கு வலிக்க வைப்பதற்காகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அதே மாதங்களில் நான் சேர்வராயன் சாமி குகைக்கு ஒரு மண்டலம் செருப்பில்லாமல் நடந்தேன். நாற்பத்தெட்டு நாளும் ஒரே வேண்டுதல், என் பிள்ளையை மாற்று சாமி என்று. சாமி மாற்றவில்லை. கொடுக்காத சாமி என்று வெகு நாள் கோபமாக இருந்தேன். இப்போது கோபமில்லை. ஆனால் குகைக்குள் குனிந்து போய் நின்றால் கேட்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் அப்பாவை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டி வந்தது. இரண்டு வருடமாக அவருக்கு மறதி. முதலில் சாவியை வைத்த இடம், பிறகு எஸ்டேட் பெயர், பிறகு என் பெயர். உன்மேல் இருந்த கோபமும் போய்விட்டது. சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து, "பையன் எறங்கிட்டானா புள்ள?" என்று கேட்கிறார். "அடுத்த பஸ்ல வருவானுங்க" என்று சொல்லி உள்ளே கூட்டிவருகிறேன். அவர் செய்தது அவருக்கு நினைவில்லை. சேர்ந்து செய்ததைத் தனியாகச் சுமப்பது எனக்குத்தான் விதித்திருக்கிறது போலிருக்கிறது.

இப்போது அங்கே இருப்பது இளவயதுப் பெண் டாக்டர். அப்பாவைப் பார்த்து முடித்த பிறகு, பையிலிருந்து உன் பழைய சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியாது. அதற்கு இப்போதாவது நல்ல மருந்து வந்திருக்கிறதா என்று கேட்கத்தான் நினைத்திருப்பேன். அந்தப் பெண் சீட்டை வெகு நேரம் பார்த்தாள்.

"இந்த நம்பர் இப்ப இல்லீங்கம்மா. புஸ்தகத்துலருந்து எடுத்துட்டாங்க."

"எல்லாருக்கும் கொணமாயிப்போச்சுங்களா?"

"இல்லீங்கம்மா. நோயே இல்லைன்னு எடுத்துட்டாங்க."

மறுபடி சொல்லச் சொன்னேன். வெளியே ஆட்கள் காத்திருந்தும் அந்தப் பெண் எனக்காக உட்கார்ந்து சொன்னாள். இப்படிப்பட்டவர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்களாம். சில ஊரில் பாவம் என்றார்களாம், சில ஊரில் குற்றம் என்று ஜெயிலில் போட்டார்களாம். நூறு வருடத்துக்கும் முன்னால், ஜெர்மனி தேசத்துப் பக்கம் ஒருவர், இவர்களைச் சட்டம் தண்டிக்கக் கூடாது என்று வாதாடுவதற்காக இவர்களுக்கென்று ஒரு பெயரை உண்டாக்கினாராம். அந்தப் பெயரையே டாக்டர்கள் எடுத்து நோய்ப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்களாம்.

"அப்ப அந்த மனுசன் நல்லதுக்குத்தான் எழுதினாருங்களா?"

"நல்லதுக்குத்தாங்கம்மா எழுதினாரு."

அவளே தொடர்ந்தாள். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டுப் பார்த்து, மனிதர்களை இரண்டாகப் பிரிக்க முடியாது என்று சொல்லி, ஆசை எந்தப் பக்கம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஒரு அளவு வைத்தாராம். எஸ்டேட் குடோனில் காப்பிக்கொட்டையைச் சலித்து ரகம் பிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். "சல்லடையை மாத்தினா ரகம் மாறிப்போகுமுங்க, கொட்டை அதேதான்" என்றேன். அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு அந்த நாட்டு டாக்டர்களே ஓட்டுப் போட்டு, இது நோயில்லை என்று அவர்கள் பட்டியலிலிருந்து அடித்தார்களாம். உலகத்துக்குப் பொதுவான புத்தகம் மாறியது இந்த ஐந்தாறு வருடத்தில்தானாம். அமெரிக்காவில் ஓட்டுப் போட்டது எப்போது என்று கேட்டேன். எழுபத்து மூன்று, எழுபத்து நாலு என்றாள்.

கண்ணு, நாம் ஐந்து பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தது எழுபத்தொன்பதில். ஐந்து வருடத்துக்கு முன்பே ஒரு நாட்டில் அடித்துவிட்டார்கள். நம் மேசையில் இருந்த புத்தகத்தில் அடிக்கவில்லை. டாக்டருக்கு அது தெரிந்திருந்ததா இல்லையா என்று அவரைக் கேட்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் ஆறாவது ஆளாக அந்த அறையில் இருந்திருந்தால் போதும் என்று நினைப்பேன். உடனே இன்னொன்றும் தோன்றும். புத்தகம் எப்படியோ போகட்டும், நீ வளைவில் வாந்தி எடுத்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். அது நோயா இல்லையா என்று சொல்ல எனக்கு எந்த நாட்டு ஓட்டு வேண்டியிருந்தது?

புறப்படும்போது அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, சட்டப் புத்தகத்தில் இதைக் குற்றமாக்கும் முந்நூற்றெழுபத்தேழு என்று ஒரு நம்பர் இன்னும் இருக்கிறது, அது போகவில்லை என்றாள். ஒன்றை அழித்தார்கள், இன்னொன்று நிற்கிறது. அதனால் நீ எங்கே இருந்தாலும் பத்திரமாக இரு. உன்னைப் பற்றி யார் எதை எழுதிக் கொடுத்தாலும், டாக்டரே எழுதினாலும், எந்த வருடத்துப் புத்தகம் என்று கேள். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன்னோடு யாராவது இருந்தால் அவரிடமும் சாப்பிட்டாயா என்று கேள். பெற்றவள் சொல்லும் புத்தி இவ்வளவுதான். இதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னும் ஒன்று. உன் சிநேகிதன் கடை வைத்திருக்கிறான். என்ன கடை, எந்தத் தெரு என்று எழுத மாட்டேன். மாதம் ஒருமுறை நான் அங்கே போக வேண்டியிருக்கிறது. பதினாறு வருடமாக அவன் என் முகத்தைப் பார்க்காமல்தான் சாமான் கட்டிக் கொடுத்தான். கையெழுத்து என்னுடையது என்று அவனுக்குத் தெரியும். போன வாரம் கடையில் வேறு யாரும் இல்லை. நூலைச் சுற்றிக்கொண்டே, பொட்டலத்தைப் பார்த்தபடி கேட்டான்:

"அவன் இருக்கானுங்களாம்மா?"

"தெரியலியே சாமி."

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். நான், பத்திரிகையில் எழுதிக் கேட்கப் போகிறேன், அவனைப் பற்றியும் எழுதட்டுமா என்று கேட்டேன். இந்த முறையாவது கேட்டுவிட்டு எழுத வேண்டும் இல்லையா.

"எழுதுங்க. பேரு வேண்டாங்க. எனக்கு மூணும் பொட்டப்புள்ளைங்க." பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "அவனுக்கு ஆரஞ்சுல கொட்டை எடுக்கவே தெரியாதுங்க" என்றான். சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் நினைவில் ஏறிக்கொள்ளும். எழுதவும் இல்லை, இதோ இங்கே எழுதியதைத் தவிர.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எரிக்கலாம் என்று இரண்டு தடவை அடுப்பு வரை கொண்டுபோனேன். அதில் உன் கையெழுத்து ஒரு வரி இருப்பதால் முடியவில்லை. அது உன்னைப் பற்றியது, உன் சொத்து. வேண்டுமென்றால் அனுப்புகிறேன், எரி என்றால் எரிக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உட்கார்ந்து அதற்குப் பதில் யோசிக்க வேண்டும். அந்த வேலையையும் உனக்கு நான் வைக்கக் கூடாது. நீ திரும்பி வருவாய் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு அறுபத்து மூன்று முடிகிறது. கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது; இந்தக் கடிதத்தையே ஒன்பது நாளாக எழுதுகிறேன். நம் வீட்டு விலாசம் பழையதுதான். அப்பா ரிடையரான பிறகும் ஊரைவிட்டு இறங்காததற்கு, இந்த விலாசம் மாறக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. உன் விலாசத்தை எழுத வேண்டாம், ஊரின் பெயர்கூட வேண்டாம். அடுத்த மாதம் நான் அந்தக் கடைக்குப் போயாக வேண்டும். அவன் மறுபடி கேட்க மாட்டான், ஆனால் இந்தத் தடவை என் முகத்தைப் பார்ப்பான். இருக்கிறேன் என்று ஒரு கார்டு போடு. சீக்கிரம் போடு, சாமி.